மௌஸுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் படித்துவிட்டாய் என்பதற்கு அடையாளமாக நீல நிற டிக் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அத்தானைக் கேட்டால், "உங்க ரெண்டு பேர் சண்டையில என்னை இழுக்காதீங்கப்பா, நான் வேன் ஓட்டிப் பொழைக்கிறவன்" என்று நழுவிவிடுகிறார். அதனால்தான் கடிதம். இதை நீ நடுவில் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். ஆனால் யார் எழுதியது என்று பார்க்கவாவது ஒரு வரி படித்துத்தானே ஆக வேண்டும்?

நான் வந்து சேர்ந்திருப்பது குடிதண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தில். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே வேலைதான். அங்கே நோயாளிகளின் விவரங்களை வெளியாள் தொடாமல் காவல் காத்தேன். இங்கே தண்ணீர்த் தொட்டிகளையும் வால்வுகளையும் இயக்குகிற கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் எந்நேரமும் குளோரின் வாசம், நீச்சல் குளத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. முதல் நாள் உள்ளே போனதும் பம்ப் மூடியில் கறுப்பு மார்க்கரால் ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்து, "இது என்ன சார், பம்ப் நம்பரா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, அதான் பாஸ்வேர்ட். மறந்துட்டா ஆளாளுக்குப் போன் பண்ணிக் கேக்க வேண்டாம் பாருங்க" என்றார் ஷிப்ட் ஆபரேட்டர், ஏதோ எனக்கு உபகாரம் செய்கிறவர் போல. உடனே உன் வார்டு ஞாபகம் வந்துவிட்டது.

சண்டையை வளர்க்க எழுதவில்லை. ஆனால் மனதில் வைத்துப் புழுங்கவும் என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்த அந்த மீட்டிங்கில் பெரிய டாக்டரும் கணக்குப் பிரிவு ஆட்களும் என் கீழே வேலை பார்த்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் நீ சொன்னாய்: "இவன் வீட்டு டிவிக்கே பாஸ்வேர்ட் போட்டவன் சார். என் பொண்ணு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டா. அவ பொறந்தநாளைத்தான் வெச்சிருந்தான்." பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு நான் எந்த அறைக்குப் போய்ப் பாதுகாப்பு பற்றிப் பேசினாலும், "சார், உங்க பொறந்தநாள் என்னைக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த இடத்தில் நான் எப்படி அக்கா வேலை பார்ப்பது?

நான் எழுதிய ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் இல்லை. மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஸ்கிரீன் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தேன். உங்கள் வார்டுக் கம்ப்யூட்டர் மட்டும் நாள் முழுக்கப் பூட்டவே இல்லை. வந்து பார்த்தால் மௌஸுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம். நொடிமுள் ஓடுவதை மௌஸ் கை அசைவு என்று நம்பி, ஆள் இருக்கிறார், ஆள் இருக்கிறார் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அது எந்தக் கடிகாரம்? நீ ஹெட் நர்ஸ் ஆனபோது என் முதல் போனஸில் நான் வாங்கித் தந்தது. அதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் வார்டின் பெயரோடு நிறுத்தாமல் 'ஹெட் நர்ஸின் கடிகாரம்' என்று எழுதிவிட்டேன்.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்பது பொய். போடு.

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. பிரிட்ஜ் மேல் போட்டு வைத்திருந்தேன். உன் அத்தான் போகும்போதும் வரும்போதும் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனிதர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் பிரித்தேன்.

ஆத்திரத்தில் எழுதினாயாம். நல்லது. என் ஆத்திரத்தையும் கேள்.

அந்தக் கடிகாரம் மௌஸுக்கு அடியில் போன கதை உனக்குத் தெரியுமா? ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கு வலிப்பு, நிற்கவே இல்லை. கையுறையோடு அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மருந்து அலமாரி திறக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் நோயாளியின் பெயரைப் போட்டு மருந்தைச் சொல்ல வேண்டும், அது உனக்கே தெரியும். ஓடிவந்தால் ஸ்கிரீன் பூட்டியிருக்கிறது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடித்தேன். நீ கேட்டபடி பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், கிறுக்கலாக ஒரு குறி. அவசரத்தில் தப்பாகிவிட்டது. மறுபடி தப்பு. மூன்றாவது தடவை, 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது' என்று வந்தது. அந்தப் பெண்ணின் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். டாக்டர், "மருந்து எங்க சிஸ்டர்?" என்று கத்துகிறார். பக்கத்து வார்டிலிருந்து யாரோ ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். பெண் பிழைத்துக்கொண்டாள். நான்தான் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் கடிகாரத்தைக் கழற்றினேன். நொடிமுள் உள்ள கடிகாரம் வார்டில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. நீ வாங்கித் தந்தது என்று மறந்துபோய் வைக்கவில்லை. நன்றாக நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். அதிலிருந்து நாடி பார்க்கும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கிறேன், கழுத்து போய்விட்டது.

பூட்டால் படுகிற தொல்லையை உன்னிடம் சொல்லாமலா இருந்தேன்? சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "பாதுகாப்புல விதிவிலக்கே கெடையாதுக்கா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாய். கேட்காத காதில் எத்தனை தடவை சொல்வது? அதனால்தான் மீட்டிங்கில் உன் டிவி கதையை அவிழ்த்துவிட்டேன். அது அதிகப்படி என்று அப்போதே தெரிந்தது. ஆனால் எல்லாரும் சிரிக்கும்போது நிறுத்த முடியவில்லை.

போகிற போக்கில் இன்னொன்றையும் செய்துவைத்துவிட்டுப் போனாயே, அந்த நட்சத்திரம்! நோயாளியின் முகவரியும் போன் நம்பரும் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரம். அதைத் தட்ட வேண்டும், எதற்கு என்று காரணம் எழுத வேண்டும், அப்புறம்தான் முகவரி தெரியும். தெரிந்ததும் ஒரு நிமிடத்தில் மறுபடி மூடிக்கொள்கிறது. ஆம்புலன்ஸ் டிரைவருக்குத் தெருவைச் சொல்லிவிட்டு வீட்டு எண்ணுக்கு வருவதற்குள் நட்சத்திரம். "நாங்க நர்ஸா, ஜோசியரா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு தடவை திறந்தால் ஷிப்ட் முடியும்வரை திறந்தே இருக்க வேண்டும் என்று வார்டே சேர்ந்து மனு கொடுத்தோம், முதல் கையெழுத்து என்னுடையது. பெரிய டாக்டர் சரி என்று உத்தரவு போட்டுவிட்டார். உன் இடத்துக்கு வந்திருக்கிற பெண்ணுக்கு வார்டில் புதுப்பூட்டு என்று பெயர். நீ பழைய பூட்டு. அவள் செய்கிறேன், செய்கிறேன் என்கிறாளே தவிர, செய்தாளா இல்லையா என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

இன்னொன்று. நீ ரிப்போர்ட் எழுதியதும் எனக்கு மெமோ வந்தது. இனி பிடிபட்டால் எமர்ஜென்சியிலிருந்து தூக்கிப் பழைய பேப்பர் அடுக்குகிற அறைக்கு மாற்றிவிடுவார்களாம். ஒரு வாரம் கடிகாரத்தைக் கையில் கட்டியிருந்தேன். இப்போது அது பழைய இடத்தில்தான் இருக்கிறது. போய்ச் சொல்.

அக்கா

பி.கு: பம்ப் மூடியில் பாஸ்வேர்டா? நன்றாக மாட்டிக்கொண்டாய். சிரித்ததில் உன் அத்தான் எட்டிப் பார்த்தார்.


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்ல மாட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வலிப்பு வந்த பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது. அன்று தட்டைக் கழுவப் போகாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்று நிமிடம் என்பதைக் கணக்குப் பிரிவுக்கும் உங்களுக்கும் ஒன்றாகவே வைத்தேன். கணக்குப் பிரிவில் மூன்று நிமிடத்தில் பூட்டினால் யாரும் சாகப் போவதில்லை. உன் வார்டில் வந்து ஒரு ஷிப்ட் நின்று பார்த்துவிட்டு வைத்திருக்க வேண்டும். என் மண்டையில் அது ஏறவில்லை.

இங்கே எனக்கு இன்னொரு தலைவலி. தலைமைப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார், எல்லாரும் அவரைக் குழாய் என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து போனிலேயே வால்வைத் திறக்கிறார், மூடுகிறார். அதே வழியில் யார் வேண்டுமானாலும் நுழைந்து ஊருக்குப் போகிற தண்ணீரில் குளோரினைக் கூட்டிவிட முடியும். பழைய நானாக இருந்தால் வந்த அன்றே அதை வெட்டி எறிந்திருப்பேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன்: "சார், வீட்டிலேர்ந்து நெஜமா என்ன பண்றீங்க?" அவர் சீறினார். "தொட்டி வழிஞ்சா ராத்திரியில நீயா ஓடி வருவ?" பிறகு கொஞ்சம் தணிந்து, "பெரும்பாலும் பாக்கத்தான் செய்வேன். பாக்கலேன்னா தூக்கம் வராது" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து பார்க்கலாம், திருப்ப முடியாது. திருப்ப வேண்டுமென்றால் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். இதற்கே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உன் கவுண்டருக்கு வெளியே நின்றால் ஸ்கிரீன் முழுசாகத் தெரிகிறது. நானே நின்று பார்த்திருக்கிறேன், ஒரு நோயாளியின் வயது, நோய் எல்லாம் படிக்க முடிந்தது. மேசையைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பி வை. பூட்டு இல்லாத வீட்டுக்குக் கதவையாவது சாத்தி வைக்கலாமே.

நட்சத்திரத்தைத் திட்டிக்கொள். அதற்காக நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் அதை ஏன் வைத்தேன் என்று ஒரு நாள் நேரில் சொல்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

நேற்று போனில் நான் பேசியதில் பாதி அழுகை, மீதி உளறல். இப்போது பெரிய டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் இன்னும் வரவில்லை. உள்ளே போய் என்ன சொல்வது என்று உனக்கு எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், வார்த்தை கொஞ்சம் ஒழுங்காக வரும்.

போன வாரம் ஒரு பெண் கை முறிந்து வந்தாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். எத்தனை கதவுகளைப் பார்த்திருக்கிறேன் நான். பேசப் பேச உண்மை வந்தது. அடித்தவன் புருஷன். அவனுக்குத் தெரியாமல் மகளைத் தூக்கிக்கொண்டு வேறு பேட்டையில் ஒரு அறை பிடித்திருக்கிறாள். புது முகவரியை எழுதும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது வேற யாருக்கும் போகாதுல்ல சிஸ்டர்?" என்று கேட்டாள். போகாது என்று நான்தான் சொன்னேன்.

நேற்று அவளுக்கு மருந்துகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவள் பக்கத்தைத் திறந்து, நட்சத்திரத்தைத் தட்டி முகவரியை எடுத்தேன். எழுதப் பேனாவை எடுப்பதற்குள் விபத்து கேஸ் வந்துவிட்டது, அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தால் கவுண்டர் மேல் கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டு ஒரு ஆள் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் பெயரைச் சொல்லி, "என் சம்சாரம். எங்க இருக்கா?" என்றான். ஸ்கிரீனை அணைத்தேன். அவள் பக்கம்தான் திறந்திருந்தது என்பது வரை தெரியும். முகவரி தெரிந்ததா, மூடியிருந்ததா? கண் அந்த இடத்துக்குப் போகவே இல்லை, விரல்தான் பட்டனுக்குப் போயிற்று. மௌஸுக்கு அடியில் உன் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் அவனை வெளியே கொண்டுபோய் விட்டார். நான் அவளுக்குப் போன் போட்டேன். உன் அத்தான் வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே போய், அவளையும் மகளையும் நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். உன் அறையில்தான் இருக்கிறார்கள். அந்தச் சின்னப்பெண் உன் மேசையில் இருந்த வயர்களையெல்லாம் பின்னிச் சடை போட்டு வைத்திருக்கிறாள்.

இனி அவள் அந்த அறைக்குத் திரும்பிப் போகலாமா, கூடாதா? தேடித் தேடி வேலைக்குப் பக்கத்தில் பிடித்த அறை அது. மகளை அங்கேதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாள். "பாத்திருப்பானா சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பார்த்திருப்பானா என்று எனக்கும் தெரிய வேண்டும். நாங்கள் மனு போட்டபடி புதுப்பூட்டு மாற்றியிருந்தால், நான் திறந்த முகவரி ஷிப்ட் முடியும்வரை திறந்தே கிடந்திருக்கும். அந்த மனுவில் முதல் கையெழுத்து யாருடையது?

நீ புதுப்பூட்டிடம் பேசிப் பார்த்தும் அவள் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றாய். ஆஸ்பத்திரியிலிருந்து எழுத்தில் புகார் வந்தால்தான் பதிவுகளைத் திறந்து பார்ப்பாளாம். புகார் எழுதினால் கடிகாரத்தையும் எழுத வேண்டும். எழுதிவிட்டேன், மடியில்தான் இருக்கிறது. பேப்பர் அடுக்குகிற அறைக்குப் போனாலும் போகிறேன். வேறு யாருக்கும் போகாது என்று அவளிடம் சொன்னவள் நான்.

மேசையைத் திருப்பு என்று நீ எழுதினாய். திருப்பிப் பார்த்தேன்டா. வயர் எட்டவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பெரிய டாக்டர் கார் வந்துவிட்டது.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

"நட்சத்திரம் காப்பாத்திடுச்சுடா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயே! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கட்டுப்பாட்டு அறைக்குள் போனுக்கு அனுமதி இல்லை, நான் போட்ட விதி. வெளியே படிக்கட்டில் நின்று பேசினேன். பேசி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஷிப்ட் ஆபரேட்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீருக்கா இங்கே பஞ்சம்?

புதுப்பூட்டிடம் நான் பட்ட பாட்டையும் கேள். "மேடம், அவசரம். ஒரு பெண்ணோட உயிர் சம்பந்தப்பட்டது. அந்த சிஸ்டத்தை வெச்சதே நான்தான்" என்றேன். "தெரியும் சார். வேலையை விட்டுப் போனவங்க யாரா இருந்தாலும் பதிவுகளைப் பத்திப் போன்ல பேசக்கூடாதுன்னு நீங்கதான் எழுதி வெச்சிருக்கீங்க. விதிப் புத்தகத்துல நாலாம் பக்கம்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் சொன்னது சரி. அந்த ஆளே போன் செய்து நான்தான் பழைய ஊழியன் என்று சொல்லியிருந்தால்? ஆனால் நேற்று நீ பெரிய டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில், நாலாம் பக்கத்தை எழுதினவனைக் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

உனக்கு என்ன ஆயிற்று என்று நீ சொல்லவே இல்லை. எமர்ஜென்சியில் இருக்கிறாயா, இல்லையா? எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

இருக்கிறேன். எமர்ஜென்சியில்தான் இருக்கிறேன்.

பெரிய டாக்டர் என் புகாரைப் படித்தார். கடிகாரம் வரும் இடத்தில் மேலே பார்த்தார், மறுபடி படித்தார். புதுப்பூட்டைக் கூப்பிட்டார். அவள் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே தேடினாள். கடைசியில் அவள், "ஹெட் நர்ஸ் திறந்திருக்காங்க. ஒரு நிமிஷத்துல மூடிடுச்சு. அதுக்கப்புறம் யாரும் தட்டல" என்றாள். எனக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் எங்கள் மனு? "இன்னும் மாத்தலை சார்" என்று அவள் பெரிய டாக்டரிடம் சொன்னாள். "உத்தரவு வந்துச்சு. ஆனா வார்டுல எப்படி வேலை நடக்குதுன்னு பாக்காம கை வைக்க எனக்கு இஷ்டமில்லை. ரெண்டு நாள் வந்து உக்காரலாம்னு இருந்தேன், நேரம் கிடைக்கல." எத்தனை தடவை அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்! அந்த இடத்திலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். கம்ப்யூட்டர் கீழே விழப் பார்த்தது.

அதோடு முடியவில்லை. மறுநாள் ரிசப்ஷனுக்கு ஒருவன் போன் செய்து, "கூரியர்லேர்ந்து பேசறேன், பார்சல் ஒண்ணு இருக்கு, அட்ரஸ் சரியா தெரியல" என்று அவள் பெயரைச் சொல்லியிருக்கிறான். ரிசப்ஷன் பெண்ணுக்கு விஷயம் தெரியும். வாட்ச்மேன் அவனை வெளியே கொண்டுபோனபோது அவன் போட்ட சத்தத்தைக் கேட்டவள், குரலையும் கண்டுகொண்டாள். அவனுக்கு முகவரி கிடைத்திருந்தால் எதற்காகக் கேட்கிறான்? அப்பாடா என்று அப்போதுதான் முழுசாக மூச்சு விட்டேன். போலீசுக்குச் சொன்னோம். அவளும் தைரியமாக வந்து எழுதிக் கொடுத்தாள். அவனைக் கூப்பிட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள், இனி அவள் பக்கம் வந்தால் உள்ளே வைத்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நேற்று அவளையும் மகளையும் உன் அத்தான் அந்த அறைக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். சின்னப்பெண் உன் வயர் சடையைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆக, நான் நாளெல்லாம் திட்டித் தீர்த்த நட்சத்திரம்தான் அவளைக் காப்பாற்றியது. கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். நீ செய்தது சரி. மூன்று நிமிடப் பூட்டு தப்பு, இந்த நட்சத்திரம் சரி. இரண்டையும் சேர்த்துத் திட்டியது என் தப்பு.

எனக்கு இரண்டாவது மெமோ வந்திருக்கிறது. அதை மாற்றல் உத்தரவாக ஆக்க வேண்டாம் என்று பெரிய டாக்டரிடம் பேசியது யார் தெரியுமா? புதுப்பூட்டு. "மறைச்சிருக்கலாம், மறைக்காம வந்து சொன்னாங்க. இவங்களைத் தூக்கிட்டா அடுத்த வாட்டி யாரும் வந்து சொல்ல மாட்டாங்க சார்" என்றாளாம். அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்ல எல்லாருமே பூட்டும் சாவியுமாவே பொறந்தீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

இப்போது அவள் வார்டில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் ஓடுவதையெல்லாம் பார்க்கிறாள், இடையில் பஞ்சு எடுத்துக் கொடுக்கிறாள். நேற்று என்னிடம், "மருந்துன்னா முதல்ல தெறக்கணும், அப்புறம் கேக்கலாம். அட்ரஸ்னா முதல்ல கேக்கணும், அப்புறம்தான் தெறக்கணும். ரெண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டதுதான் தகராறு" என்றாள். இதை நீ சொல்லியிருந்தால் நான் மீட்டிங்கில் அப்படிப் பேசியிருப்பேனா?

பேசியிருப்பேன். நான் உன் அக்கா.


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். 'நீ செய்தது சரி' என்ற வரியை மட்டும் அதற்கு மேலும் படித்திருப்பேன். பிறந்ததிலிருந்து உன்னிடம் அதைக் கேட்டதே இல்லை, சட்டம் போட்டு மாட்டலாமா என்று பார்க்கிறேன்.

அந்த நட்சத்திரத்தை ஏன் வைத்தேன் என்று நேரில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் கடிகாரத்தைக் கண்டுபிடித்த பிறகு, இந்த வார்டு ஸ்கிரீனை என்னால் பூட்ட முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் என்ன போட்டாலும் நீ ஒரு வழி கண்டுபிடிப்பாய். சின்ன வயதில் என் உண்டியலை உடைக்காமலே காசு எடுத்தவள் ஆயிற்றே. அதனால், கதவு திறந்தே கிடக்கும் என்று வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிறதில் எதை மட்டும் மூடி வைப்பது என்று யோசித்தேன். அப்படி வந்ததுதான் அது. உன்மேல் இருந்த கோபத்தில் வைத்தது இல்லை. உன்னைத் தெரிந்ததால் வைத்தது.

குழாய் வழிக்கு வந்துவிட்டார். வீட்டிலிருந்து பார்க்கலாம், திருப்ப முடியாது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒருநாள் வந்து, "நல்லாத்தான் தூங்கறேன்பா. நான் தூக்கக் கலக்கத்துல எதையாவது திருப்பித் தொலச்சுடுவேனோன்னு என் சம்சாரத்துக்கு ஒரே பயமாம். இத்தன நாள் சொல்லவே இல்ல பாரு" என்றார். பம்ப் மூடியில் இருந்த பாஸ்வேர்டை ஆபரேட்டர்களே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். ஈரக் கையோடு தொடுகிற இடத்தில் பாஸ்வேர்ட் கேட்பதை நான் எடுத்துவிட்டேன். ஆளுக்கொரு அட்டை, காட்டினால் போதும். இரண்டு ஷிப்ட் அவர்களோடு ரப்பர் பூட்ஸ் போட்டு நின்ற பிறகு எடுத்தேன்.

லீவு கேட்டிருக்கிறேன். வந்தால் உள்ளே விடுவாயா, காரணம் எழுத வேண்டுமா?

உன் தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

காரணம் எழுத வேண்டாம். முதலில் வா, அப்புறம் கேட்கிறேன்.

எங்களுக்கும் அட்டை வந்துவிட்டது. கழுத்தில் தொங்குகிறது. கையுறையோடு எடுத்துக் காட்டினால் விட்ட இடத்திலேயே திறக்கிறது, நகர்ந்தால் மூடிக்கொள்கிறது. பாஸ்வேர்ட் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு தடவைதான். அவசர மருந்து அலமாரி யார் தொட்டாலும் உடனே திறக்கும், ஆனால் அப்புறம் உட்கார்ந்து எதற்கு என்று எழுத வேண்டும். மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பியாயிற்று. நீளமான வயர் வாங்கப் புதுப்பூட்டே கடைக்குப் போனாள். நட்சத்திரம் அப்படியேதான் இருக்கிறது. நிமிடத்தை மட்டும் இரண்டாக்கியிருக்கிறாள், வீட்டு எண் வரை சொல்ல முடிகிறது. முதல் நாள் ஒரு அட்டை வேலை செய்யாமல் எல்லாரும் அவளைப் பிடித்துக் கத்தினோம். அதெல்லாம் இல்லாமல் ஒரு வார்டா?

டிவிக்கு உன் மருமகள் புதுப் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறாள். உன் பிறந்தநாள், என் பிறந்தநாள் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, திறக்கவில்லை. மாமா நேரில் வந்தால்தான் சொல்வாளாம். உன் அத்தான் செய்தி பார்க்க முடியாமல் தவிக்கிறார், அவருக்காகவாவது சீக்கிரம் வா.

இன்று அந்தப் பெண் மாவுக்கட்டைப் பிரிக்க வந்தாள். மகளும் கூட வந்திருந்தாள், புதுப் பள்ளிக்கூடச் சீருடையில். கட்டைப் பிரித்ததும் கை மெலிந்து, சுருங்கிப்போய் இருந்தது. "நல்லா ஆயிடுமா சிஸ்டர்?" என்று கேட்டாள். ஆகிவிடும் என்றேன். நாடி பார்க்க அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் சுவரை அண்ணாந்து பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, கடிகாரம் என் கையில் இருக்கிறது.

நீ வாங்கித் தந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நொடிமுள் நன்றாக ஓடுகிறது. அவள் நாடியும் சரியாக இருந்தது.

அக்கா